தொட்டிக்குப் படைத்த வெல்லம்

நீளமான ஒரு கண்ணாடி ஜாடி. அதில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்! ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ப் பிரிவில் ஆபரேட்டராகச் சேர்ந்த நாளிலிருந்து அதைவிட விறுவிறுப்பான காட்சியை நான் பார்த்ததில்லை. பழுப்புக் கசடு மெல்ல அடியில் இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். தெளிந்தால், காற்று ஊதும் தொட்டியில் அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் நலம். கலங்கியே இருந்தால் ஏதோ கோளாறு.

எங்கள் கெமிஸ்ட் அக்கா படப்பைக்காரர். பாக்டீரியாக்கள் அவருக்குப் பிள்ளைகள். "புள்ளைங்க துன்னுச்சாடி?" என்று கேட்டுக்கொண்டேதான் ஷிப்டுக்குள் நுழைவார். அப்படிப்பட்டவருக்குத்தான் ஓர் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சுத்தம் செய்யும் வெறி பிடித்தது. பம்பு, தரை, கால்வாய் எல்லாம் பளபளக்க வேண்டுமாம். ப்ளீச்சிங் பவுடரை மூட்டையோடு கொட்டித் தேய்க்கவைத்தார். கழுவிய தண்ணீர் எங்கே போகும்? எங்கள் தொட்டிக்குத்தான். மறுநாள் சந்தனம் வைக்கப் போனால் தொட்டி முழுக்க வெள்ளை நுரை. ஜாடியில் அரை மணி கழித்தும் ஒரே கலங்கல்.

"ஐயோ, நானே புள்ளைங்கள கொன்னுட்டேன்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அக்கா. விடுமுறை முடிந்து உற்பத்தி லைன் ஓடும்போது தண்ணீர் தெளியாவிட்டால் அவர் வேலை போய்விடும் என்று மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "அழுதுகினு இருந்தா ஆச்சா? எந்திரிக்கா!" என்று கத்தினேன். ப்ளீச்சிங் நெடி போகும்வரை காற்றை ஊதவிட்டோம். பக்கத்துத் தொழிற்சாலையில் கெஞ்சி, உயிருள்ள கசடு ஒரு லாரி வாங்கி ஊற்றினோம். அதற்குத் தீனி வேண்டுமே! லைன் நின்றதால் கழிவுநீர் வரவில்லை, மிச்சம் மீதி வாங்கக் கேன்டீனும் மூடியிருந்தது. பொரியோடு படைக்க வைத்திருந்த வெல்லத்தை எல்லாம் அக்கா அள்ளிக் கரைத்து ஊற்றினார்.

லைன் திறக்கும் காலையில் ஜாடியை நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கசடு திரண்டது. இறங்கியது. மேலே தண்ணீர் பளிச்சென்று நின்றது. "தெளிஞ்சிடுச்சுடி! புள்ளைங்க பொழச்சிக்கிச்சு!" அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் ஜாடி உருண்டு உடைந்தே போனது. மேனேஜர் வாசலில் வந்து நிற்கிறார், காட்ட ஜாடி இல்லை! கசடு இறங்கித் தெளியும் அடுத்த தொட்டிக்கு ஓடி, டீ ஃபிளாஸ்க்கின் மூடியில் மேல்தண்ணீரை மொண்டு வந்து காட்டினோம். அவரும் சிரித்துவிட்டார்.

அக்கா இப்போது இருங்காட்டுக்கோட்டையில் வேறு கம்பெனியில் இருக்கிறார். தொட்டியின் நிலவரம் எனக்கு இன்று கைபேசியிலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் ஜாடியில் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆயுத பூஜையன்று மற்ற இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். எங்கள் தொட்டிக்கு மட்டும் ஓர் உருண்டை வெல்லம். அன்று விடிந்ததுமே அக்காவின் போன் வந்துவிடும்.

"புள்ளைங்களுக்குக் குடுத்தியாடி?"

"குடுத்துட்டேன்கா."