பாப்பா கழனி

தேவசகாயம் நிலம் வாங்கியது ஐம்பது வயதுக்கு மேல், அதுவும் போனுக்குள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரிக்க இடம் கிடைக்காது.

நெம்மேலிக்கு மேற்கே காலனியில் பிறந்த மனுஷர். அப்பா, தாத்தா, அதற்கு மேலே யார் யாரோ, எல்லோரும் சேற்றிலேயே கிடந்து தேய்ந்தவர்கள். நாற்று பிடுங்கியது இவர்கள், நட்டது இவர்கள், அறுத்துத் தூக்கியது இவர்கள். வரப்பில் குடை பிடித்து நின்றது மட்டும் வேறு ஆள். ஒருத்தர் பெயரிலும் ஒரு சென்ட் கிடையாது. இப்போது அந்தக் கழனியெல்லாம் மனை போட்டு, கல் நட்டு, கலர் கொடி கட்டியாகிவிட்டது. விற்றவர்களும் இவர்கள் இல்லை, வாங்கினவர்களும் இவர்கள் இல்லை. நடுவில் கல் நடக் குழி தோண்டப் போனது மட்டும் இவர்கள்தான்.

தேவசகாயம் டிராக்டர் ஓட்டினார், மண் லாரி ஓட்டினார், கடைசியில் வேனுக்கு வந்து சேர்ந்தார். ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் ஐ.டி. ஆபீஸ். அங்கே வேலை செய்கிறவர்களைக் காலையில் கூடுவாஞ்சேரியில் ஏற்றிவந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். நடுவில் பகலெல்லாம் பார்க்கிங்கில் புங்கமரத்தடியில் காத்துக் கிடப்பு. மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடுவார்கள், தூங்குவார்கள், வேன் முதலாளியைத் திட்டுவார்கள். பக்கத்து வேன் ஜான்சன்தான் ஒருநாள், "இன்னா அண்ணாத்த, சும்மா குந்திகினு கீற, இத்த ஆடு" என்று ஒரு ஆன்லைன் கேமை இவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தான்.

'ஏழுகரை' என்று அதற்குப் பெயர். எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே திரிவார்கள். வாள் பிடிக்கலாம், பேய் விரட்டலாம், கப்பல் ஓட்டலாம், அவனவனுக்குப் பிடித்த வேஷம். தேவசகாயத்துக்கு வாளும் வேண்டியிருக்கவில்லை, பேயும் வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனதும் ஓரமாக ஒருத்தன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

"இது இன்னாடா?"

"அது வெவசாயம் அண்ணாத்த. எவனும் அத்த ஆடமாட்டான், பேஜாரு."

"நான் ஆடறேன்" என்றார்.

ஆடினார். காட்டில் சுள்ளி பொறுக்கினார், ஏரியில் மீன் பிடித்து விற்றார், அடுத்தவன் நிலத்தில் களை பிடுங்கினார். போனுக்குள்ளும் முதலில் கூலிதான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் இங்கே கூலி சேர்ந்தது. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வருவதற்குள், ஆற்றுக்கு வடகரையில் ஒரு துண்டு நிலம் வாங்கிவிட்டார். கேமே ஒரு பட்டா கொடுத்தது. 'உரிமையாளர்: நெம்மேலியான்' என்று அதில் எழுதியிருந்தது. நிலத்துக்கு என்ன பெயர் என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை. 'பாப்பா கழனி' என்று போட்டார். பாப்பா அவர் பெண்டாட்டி.

அந்த அம்மாள் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வயசுல இன்னாய்யா வெளாட்டு, எவனாவது பாத்தா காறித் துப்புவான்." துப்புவான் என்று சொன்ன வாய்தான், நாலு நாள் கழித்து எட்டிப் பார்த்து, "நாத்த இவ்ளோ நெருக்கியா நடுவாங்க? கலைச்சு நடுய்யா, காத்து போவ வாணாம்?" என்றது. சின்ன வயதிலிருந்து ஊரான் கழனியில் நடவு நட்ட கை அது, சும்மா இருக்குமா? அதற்கப்புறம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், "கழனி இன்னா சொல்லுது?" என்றுதான் கேட்பாள். நெல்லுக்குப் பின்னால் உளுந்து போடச் சொன்னாள். வரப்பில் ஒரு வேப்பங்கன்று வைக்கச் சொன்னாள். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து, அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் கதிர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடிப்பார்கள். அவர்களுக்கு அது விளையாட்டே இல்லை.

நன்றாக இருக்கிறதைக் கெடுக்க எங்கிருந்துதான் வருவார்களோ! கேம் நடத்துகிறவர்கள் ஒருநாள் புதிதாக ஒன்றை இறக்கினார்கள். 'போர்க்காலம்' என்று அதற்குப் பெயர். இனிமேல் யாருடைய நிலத்தையும் யாரும் அடித்துப் பிடிக்கலாம். கொடியைப் பிடுங்கினால் நிலம் கைமாறும். எனக்குச் சண்டை வேண்டாம், நான் என்பாட்டுக்கு ஓரமாக இருக்கிறேன் என்கிறவனுக்கு ஒரு பட்டனும் வைக்கவில்லை. ஆட்டத்தில் விறுவிறுப்பு கூடுமாம். விறுவிறுப்பாம், மண்ணாங்கட்டி.

இவரைப் போல அரை மணி, ஒரு மணி ஆடுகிற எத்தனையோ பேர் அழாக்குறையாக அந்த அறிவிப்புக்குக் கீழே எழுதினார்கள், எங்களை விட்டுடுங்கப்பா என்று. அதற்கு ஒரு சூரன் எழுதியிருந்தான்: 'நிலம் வேணும்னா ஊருக்குப் போய் உழு, இங்க ஏன் வர்ற?' ஜான்சன் அதைத் தேவசகாயத்துக்குப் படித்துக் காட்டினான். ஊரில் எங்கே போய் உழுவது என்று அந்தச் சூரனிடம் யார் கேட்பது?

ஒரே ஒரு இரக்கம் வைத்திருந்தார்கள். நிலத்துக்காரன் ஒரு நாளில் ஏதாவது ஒரு மணி நேரத்தைச் சொல்லவேண்டும். அந்த நேரத்தில் மட்டும்தான் அவன் நிலத்தை அடிக்கலாம். அடிக்க வந்தால், திரையில் 'தடு' என்று ஒன்று வரும், அதை ஒரு தட்டுத் தட்டினால் போதும், வந்தவன் அன்றைக்குத் திரும்பிப் போய்விடுவான். தட்டாவிட்டால் போச்சு. ஒரு தடவை சொன்ன நேரத்தைப் போகம் முடிகிறவரைக்கும் மாற்ற முடியாது.

"மத்தியானம் போட்டுடு அண்ணாத்த, மரத்தடிலதான கீற, தட்டிடலாம்" என்றான் ஜான்சன். அவன் சொன்னதுதான் புத்தி. ஆனால் பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"மத்தியானம் வேல வெட்டி இல்லாதவன்லாம் சுத்திகினு இருப்பான்யா. வெளக்கு வெக்கற நேரத்தப் போடு. அந்த நேரத்துல எவனாவது எவன் வாசலுக்காவது வம்புக்குப் போவானா?"

காலனியில் அப்படித்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீடாக இருந்தாலும் மாரியாத்தாளைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும் சத்தம் போடமாட்டார்கள். குடித்துவிட்டு வந்தவன்கூட அந்த நேரம் தெருமுனையில் நின்று, கொஞ்சம் பொறுத்துதான் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தை உடைப்பான். கைமாற்றுக் கேட்கமாட்டார்கள், உப்புக் கேட்கமாட்டார்கள், பாதியில் விட்ட சண்டையைக்கூட விடிந்ததும்தான் எடுப்பார்கள். தேவசகாயத்துக்கும் அது சரியென்றே பட்டது. சண்டை வந்து தடுப்பது வேறு, சண்டையே வராமல் இருப்பது வேறு இல்லையா? விளக்கு வைக்கிற நேரத்தையே போட்டுவிட்டார்.

ஐயோ பாவமே! அந்த நேரத்தில்தான் ஊரில் பாதிப்பேர் வேலை முடிந்து வேனிலும் பஸ்ஸிலும் ட்ரெயினிலும் பொழுது போகாமல், கையில் போனோடு குந்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் தினமும் முதுகுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவர் இவர். இவருக்கே அது தோன்றவில்லை.

கதிர் முற்றிப் பழுத்துவிட்டது. நாளைக்கு அறுக்கலாம் என்று பாப்பா சொல்லியிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வேன் நெல்லிக்குப்பம் ரோட்டில் கூடுவாஞ்சேரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. போன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் இருந்தது, வழிக்கு மேப் போட்டு. அந்த மேப்புக்கு மேலே சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது: 'பாப்பா கழனி தாக்கப்படுகிறது.' அதற்குக் கீழே 'தடு'.

கை எட்டுகிற தூரம்தான். ஆனால் வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே கேமரா இருக்கிறது. ஓட்டும்போது போனைத் தொட்டால் கீச்சென்று கத்தும், முதலாளிக்குப் படம் போகும், வேலையும் போகும். அதைக்கூட விடுங்கள். ஒரு பக்கம் ஏரிக்கரை, எதிரே ஜல்லி லாரிகள், உள்ளே வண்டி நிறைய அடுத்தவர் பெற்ற பிள்ளைகள். தேவசகாயம் ஸ்டியரிங்கை விடவில்லை.

அப்போதுதான் பின்சீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நிதின். கோயம்புத்தூர்ப் பையன், மரியாதையான பையன், ஏறும்போதும் இறங்கும்போதும் அண்ணா என்று கூப்பிடுகிறவன்.

"சஹானா, இங்க பாரேன். பேரு என்ன தெரியுமா, பாப்பா கழனி! எவனோ நெம்மேலியானாம். ஒரு வாள்கூட வாங்கி வைக்கலை, சோளக்கொல்லை பொம்மைய நிறுத்தி வெச்சிருக்கான்."

"பாவம், விட்டுரு நிதின்" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"என்ன பாவம், விளையாட வந்துட்டு! ஆளையே காணோம் பாரு, தூங்கறான்போல."

தேவசகாயம் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவனைப் பார்த்தார். தம்பி, அது என்து, உட்டுடு என்று ஒரு வார்த்தை திரும்பிச் சொன்னால் முடிந்தது. ஆனால் வண்டிக்குள் பேசுகிற பேச்சு டிரைவர் காதில் விழக்கூடாது என்பது தொழில். பொண்டாட்டியோடு சண்டை போடுவார்கள், வேலையைப் பற்றி அழுவார்கள், எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டு கேட்காதவர்போல் ஓட்டியிருக்கிறார். இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை ஓரமாக மெதுவாக்கினார். நிறுத்தி, ஒரு தட்டு. அவ்வளவுதான் வேண்டியது.

"அண்ணா, ஏன் ஸ்லோ பண்றீங்க?" என்றாள் சஹானா. "ட்ரெயின் போயிடும்ணா, ப்ளீஸ்."

சொல்வதற்கு என்ன காரணம் இருக்கிறது? கழனி பறிபோகிறதம்மா என்று சொல்வதா? இண்டிகேட்டரை அணைத்தார். கியரை மாற்றினார். பின்னால் நிதின் கை தட்டினான். சிவப்பு வரி மறைந்து மேப் திரும்ப வந்து, இன்னும் கொஞ்ச தூரத்தில் வலது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினார். ரோட்டோரத்து வீடுகளில் விளக்கு வைத்திருந்தார்கள்.

கூடுவாஞ்சேரியில் எல்லோரும் இறங்கின பிறகு, கடைசியாக இறங்கின நிதினிடம்தான் வாய் திறந்தார். திட்டவேண்டும் என்றுதான் திறந்தார். வந்தது வேறு.

"தம்பி, அந்த நெல்லு பழுத்துடுச்சு. உதிர்றதுக்குள்ள அறுத்துடு."

பையனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஸ்டாண்டில் இருந்த போனையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா! நீங்களாங்ணா அது? சொல்லியிருக்கலாம்ல!"

"ஓட்டிகினு இருந்தேன்பா."

இரண்டு வருஷமாக ஏறி இறங்குகிறான், டிரைவர் அண்ணாவுக்கு எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியாது. நல்ல பையன்தான், அதுதான் கொடுமை. அங்கேயே நின்று போனைக் குடைந்தான், திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று. போகம் முடிகிறவரைக்கும் பிடித்த நிலத்தைத் திருப்பித் தர முடியாதாம். பிறகு எதையோ கண்டுபிடித்து முகம் மலர்ந்தான்.

"அண்ணா, இதுல வாரம்னு ஒண்ணு இருக்குங்ணா. நிலம் என் பேர்ல இருக்கும், நீங்களே பயிர் பண்ணிக்கலாம். விளையறதுல பாதி உங்களுக்கு. ஓகேவாங்ணா? எனக்கு அந்த நெல்லே வேண்டாம், ஆனா ரூல் அப்படி."

தேவசகாயம் வண்டிக் கதவைச் சாத்தினார். "பாத்துப் போ தம்பி" என்றார்.

மறுநாள் மரத்தடியில் விஷயத்தைக் கேட்டதும் ஜான்சன் குதித்தான். "தூக்கிப் போடு அண்ணாத்த அந்தக் கேம! அவனாண்ட போயி வாரமா? அசிங்கம்!" அசிங்கம்தான், அது அவருக்குத் தெரியாதா? போனைத் திறந்து பார்த்தார். கதிர் தலை சாய்ந்து கிடந்தது. கொக்குகள் வந்து இறங்கியிருந்தன. நிதின் அனுப்பியிருந்த அழைப்பு காத்துக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டுப் போயிருக்கவேண்டும். ரோஷம் இருக்கிற எவனும் அழித்திருப்பான். ஆனால் பழுத்த நெல்லை மண்ணில் உதிர விட்டுவிட்டு வர அந்த உடம்புக்குத் தெரியாது, அது எவன் நெல்லாக இருந்தாலும். 'சரி' என்பதைத் தட்டினார்.

அன்றைக்கு வீட்டில் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் நடந்தது எதையும் அவர் சொல்லவில்லை. அறுப்பு என்றுதான் சொன்னார். அறுத்தார், கட்டினார், அடித்தார். "நல்லா கண்டிருக்குய்யா" என்று அவள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். நெல் இரண்டு குவியலாகப் பிரிந்தது. ஒரு குவியல் வண்டியேறி, மலைமேல் இருந்த ஏதோ ஒரு கோட்டைக்குப் போனது. கோட்டை வாசலில் வாளோடு ஒருத்தன் நின்றான். அவன் முன்னால் போனதும், திரையில் இருந்த நெம்மேலியான் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து இரண்டு கையாலும் கும்பிட்டான். தேவசகாயம் திடுக்கிட்டு எங்கெங்கோ அழுத்திப் பார்த்தார். அவர் எதைத் தொட்டாலும் அவன் நிமிரவில்லை. அளந்து முடிகிறவரை அப்படியே குனிந்து நின்றான்.

பாப்பா போனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"யார்யா அவன்? எதுக்கு நீ அவனக் கும்புடற?"

"நம்ப வண்டில வர்ற தம்பி" என்றார்.