அரைக் குடம் தண்ணீர்

அருப்புக்கோட்டையில் அப்போது குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கினோம். மளிகைக் கடையிலிருந்து மாதச் சாமான்களைச் சைக்கிளில் கொண்டுவருபவருக்கு ஒரு ரூபாய் கொடுப்பேன். தறிக் கூலியில் அதற்குமேல் முடியாது.

அந்தச் சித்திரையில் அரிசி மூட்டையை இறக்கியவர், நான் நீட்டிய காசை வாங்கவில்லை.

"காசு வேணாம் தாயி. குடிக்கத் தண்ணி குடுங்க, போதும்."

வீட்டில் இருந்தது அரைக் குடம். மறுநாள்வரை மூன்று பிள்ளைகளுக்கும் அதுதான்.

"தண்ணி இல்லண்ணே" என்று இன்னொரு ரூபாயையும் சேர்த்து அவர் கையில் திணித்தேன்.

எனக்குப் பின்னால் மூடியிருந்த குடத்தை அவர் பார்த்துவிட்டார்.

"பிள்ளைகளுக்கு இருக்கட்டும் தாயி."

இரண்டு ரூபாயையும் மூட்டைமேல் வைத்துவிட்டு வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு டம்ளர் குறைந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் கூப்பிடவில்லை.

மறுநாள் தண்ணீர் வண்டி வந்தபோது அந்தக் காசுக்குத்தான் வாங்கினேன். நானும் குடித்தேன்.