ஏணிப் படம் போட்ட இசைத்தட்டு

மதுரை சிம்மக்கல்லில் மொத்தக்கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தின் மாடியில் இருக்கிறது சுருளி சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாயும் பெட்டியும் அங்கேயிருந்து போகும். ஆடி மாதத்தில் அம்மன் பாட்டு காதைப் பிளக்கும்போது, யாரடா இந்தப் புண்ணியவான் என்று நீங்கள் திட்டியிருந்தால் அந்தத் திட்டில் பாதி கடைக்காரர் அழகுபாண்டிக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சத்தத்தை விற்றுச் சோறு சாப்பிடுகிறவர் திட்டுக்கு அஞ்சினால் பிழைப்பு நடக்காது.

ஆனால் அந்த மனிதர் தன் சொந்தக் காதுக்கென்று வைத்திருந்த சங்கீதம் வேறு. இங்கிலாந்தில் ஏதோ ஒரு மழை ஊரில், வேலைவெட்டி கிடைக்காத பிள்ளைகள் நாற்பது வருடங்களுக்கு முன்னால் வாசித்தது. கிதார் தகரத்தைக் கீறுகிற மாதிரி இருக்கும். பேஸ் கிதார் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போகும். பாடுகிறவர் யாரிடமோ சண்டை போட்டுச் சலித்துப்போன ஆளைப்போலப் பாடுவார். இதற்கு போஸ்ட்-பங்க் என்று ஒரு பெயர் உண்டென்பதே அவருக்கு ஐம்பது வயது தாண்டித்தான் தெரியும். அதுவரை அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘இங்கிலீஸ் சோகப் பாட்டு’.

அது அவரிடம் வந்த கதை சுருக்கமானது. பசுமலையில் அவர் பி.காம். படித்துக்கொண்டிருந்தபோது, கொடைக்கானலை விட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போயிற்று. அதில் ஒரு பெட்டி இசைத்தட்டு கைமாறிக் கைமாறிச் சிம்மக்கல் பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்தது. அப்பா சுருளி அதைப் பார்த்துவிட்டு, “இத எந்தக் கல்யாணத்துலடா போடுறது?” என்று தள்ளிவிட்டார். மகன் தள்ளவில்லை. மத்தியானம் கடையில் வேலை இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டான். புரியவில்லை, ஆனால் விடவும் முடியவில்லை. வகுப்பில் யாரிடமாவது சொன்னால், “மாப்ள, ஒனக்கு எதும் லவ் பெயிலியரா?” என்று கேட்டார்கள்.

அந்தப் பெட்டியில் அவன் உயிரையே விட்ட தட்டு ஒன்று. பாடியவர்கள் கிரே லேடர்ஸ் என்று ஒரு கோஷ்டி. சாம்பல் நிற அட்டையில் அந்தப் பெயர் மட்டும் இருந்தது. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் ஒரு ஏணிப் படம். வேறு ஒரு எழுத்து கிடையாது. பாடியது யார், எப்போது, எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், எதுவும் போடவில்லை. அந்தக் காலத்து அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வீம்பு.

மைக்செட் தொழிலில் வேகத்துக்கு ஒரே சட்டம்தான். பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. சினிமாப் பாட்டுத் தட்டுகள் எல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. சுருளி தட்டின் அளவைப் பார்த்தே சுவிட்சைத் திருப்புவார், படித்தெல்லாம் பார்க்க மாட்டார். மகனும் அப்படியே. ஏணித் தட்டு பெரியது. ஆகவே முப்பத்துமூன்று. ஒரு ஆண்குரல், கிணற்றடியிலிருந்து வருவதுபோல, அவசரமே இல்லாமல் எழுந்து வரும்.

செக்கானூரணிப் பக்கம் ஒரு காதுகுத்து. சாப்பாட்டு நேரம், பந்தி பரபரப்பு. அழகுபாண்டி துணிந்து அந்தத் தட்டைப் போட்டுவிட்டான். புளியமரத்தில் கட்டிய குழாயிலிருந்து அந்தக் கிணற்றுக்குரல் கிளம்பியதும் பந்தியில் இருந்த ஒரு பெரியவர், “ஏலே, காதுகுத்தா கருமாதியா?” என்று கத்தினார். அவன் பதறிப்போய் முள்ளைத் தூக்கினான். தூக்கிய மறுநிமிடம், அதுவரை அடங்கியிருந்த ஒரு அழுகை வீறிட்டது. காது குத்திக்கொண்ட பிள்ளை. அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் மைக்செட் மேசைக்கு ஓடிவந்தாள்.

“அண்ணே, அந்தப் பாட்டையே போடுங்கண்ணே. அது ஓடுறப்பதான் இவன் வாய மூடுனான்.”

போட்டான். பிள்ளை அடங்கியது. பெரியவரும் வேறு வழியில்லாமல் ரசத்துக்குப் போனார். தூக்கி வந்தவள் பிள்ளையின் சித்தி கனகலட்சுமி; மேசையருகிலேயே நின்று பாட்டு முடியும்வரை கேட்டாள். அடுத்த வைகாசியில் அவர்கள் இருவருக்கும் கல்யாணம். “மொத மொதல்ல என்னய அண்ணேன்னு கூப்பிட்டவதான நீ” என்று அவர் ஆயுசு முழுக்க அவளைக் கிண்டல் செய்தார். “தெரிஞ்சிருந்தா தம்பின்னு கூப்பிட்டுருப்பேன், தப்பிச்சிருப்பேன்” என்பாள் அவள்.

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டி வீடு. மகள் தாமரைச்செல்வி பிறந்தபோது பிள்ளை தூங்கவே தூங்காது. கனகலட்சுமி ஏணித் தட்டைப் போடச் சொல்வாள். போகப்போகத் தட்டு வேண்டியிருக்கவில்லை. அந்த மெட்டை அவளே எடுத்துக்கொண்டு, அதில் தன் சொற்களைப் போட்டுப் பாடினாள். ‘வாடிப்பட்டி பஸ்ஸு போச்சு, தாமரையே தூங்கு’ என்று ஆரம்பிக்கும். இங்கிலாந்துக்காரனின் விரக்தி விளாங்குடியில் தாலாட்டாகிப் போனது. பாடியவன் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பானோ, பிள்ளை நன்றாகத் தூங்கியது.

பிறகு ஒரு பங்குனிப் பொங்கலில் சூடேறிய ஆம்ப்ளிஃபயர் மேல் யாரோ அந்தத் தட்டை வைத்துவிட்டார்கள். எடுக்கும்போது அப்பளம் போல நெளிந்திருந்தது. அழகுபாண்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை. கனகலட்சுமிதான் சமாதானம் சொன்னாள்.

“விடுங்க. பாட்டு எனக்குத் தெரியும்ல.”

அது போதும் என்று அவருக்கும் தோன்றியது. பேரப்பிள்ளை வந்தபோதும் அவள் அதையே பாடினாள். அப்புறம் ஒருநாள் காய்ச்சல் என்று படுத்தாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

துக்கத்தை எப்படியோ விழுங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது வேறு. ஒரு சாயங்காலம் அந்தத் தாலாட்டை முணுமுணுக்கப் பார்த்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. சொல்லும் வரவில்லை, மெட்டும் வரவில்லை. அடுப்படியில் நின்று யோசித்தார், மாடியில் நின்று யோசித்தார். ஊர் முழுக்க மைக் கொடுத்த மனிதர் வீட்டில் பாடியவளிடம் ஒருநாளும் மைக்கை நீட்டவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார்.

“எனக்கு மொத வரிதான்ப்பா ஞாபகம். அப்பவும் சரி, எம்பிள்ளைக்குப் பாடுனப்பவும் சரி, அதுக்குள்ள தூங்கிருவேன்ல” என்றாள் தாமரைச்செல்வி. சொல்லிவிட்டு அழுதாள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம். அந்தத் தட்டு திரும்பக் கிடைத்தால் மெட்டு கிடைக்கும். மெட்டு கிடைத்தால் அவள் போட்ட சொற்களும் பின்னாலேயே வந்துவிடும். கிடைக்காவிட்டால் முதல் வரியும் ஒருநாள் போய்விடும் என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

வங்கியில் வேலை பார்க்கும் ரோகிணி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். மேலாளர் ஒருவரின் பிரிவுபசார விழாவுக்கு ஸ்பீக்கர் கேட்டு வந்தவள், சுவரில் சாய்த்து வைத்திருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்துவிட்டாள். “அண்ணே, இதெல்லாம் போஸ்ட்-பங்க்ணே! மதுரையில இத வச்சிக்கிட்டா அம்மன் பாட்டு போடுறீங்க?” அவள் வழியாக, செல்போன் கடை சூரியபிரகாஷும் வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கடை மாடியில் மூன்று பேரும் கூடுவார்கள். எந்தக் கோஷ்டி முதலில் டிரம் மெஷின் வைத்தது, எந்த கிதார்காரன் விலகியதும் கோஷ்டி படுத்துவிட்டது என்று டீ ஆறும்வரை வாதம் நடக்கும். இத்தனை வருடம் தனியாகக் கேட்டதைப் பேசுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அழகுபாண்டிக்குப் பத்து வயது குறைந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ரோகிணியோடு ஒத்துப்போகவில்லை. “கிரே லேடர்ஸ்ல பாடுறது பொம்பளண்ணே. அவுங்க ஆல்பம் முழுக்க அந்தம்மாதான்” என்பாள் அவள்.

“அது பின்னால வந்துருக்கும். மொத ரெக்கார்டுல ஆம்பள. நான் எம்புட்டு நாள் கேட்டுருக்கேன்!”

அந்த முதல் தட்டு மட்டும் இணையத்தில் எங்கும் இல்லை. கொஞ்சமாக அச்சடித்து நின்றுபோனதாம். ரோகிணி விடாமல் தேடி, பெங்களூரில் ஒரு சேகரிப்பாளரிடம் அது இருப்பதைக் கண்டுபிடித்தாள். அவர் விற்க மாட்டார், மாற்றிக்கொள்வார். கேட்டது கொடைக்கானல் பெட்டியில் மிஞ்சியிருந்த தட்டுகள் அத்தனையும்.

“ஒத்த ரெக்கார்டுக்கு மொத்தப் பெட்டியாண்ணே? கூறு இருக்கா ஒங்களுக்கு?” என்று சூரியபிரகாஷ் தலையில் கை வைத்தான். அழகுபாண்டி பெட்டியைத் துடைத்து, துணி சுற்றி, தானே பார்சல் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. அதே சாம்பல் அட்டை, அதே ஏணி. அவர் அட்டையையே தடவிக்கொண்டிருந்ததால் ரோகிணியே தட்டை எடுத்து வைத்தாள். பெங்களூர்க்காரர் எழுதி அனுப்பியிருந்தபடி சுவிட்சைத் திருப்பி முள்ளை இறக்கினாள்.

டிரம் தடதடவென்று ஓடியது. அதன்மேல் ஒரு பெண்குரல், கோபமாக, துள்ளலாக, மூச்சுவிடாமல் பாடியது. சூரியபிரகாஷ் நாற்காலியிலேயே ஆட ஆரம்பித்தான். “நான் சொல்லலண்ணே? பொம்பளதான்! என்னா வாய்சு!” என்று ரோகிணி கைதட்டினாள்.

அழகுபாண்டி கைதட்டவில்லை. ஓடுகிற பஸ்ஸுக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி ஏதோ ஒரு சாயல் தட்டியது, அதற்குள் போய்விட்டது. இது அவருடைய பாட்டில்லை. இதில் எந்தப் பிள்ளையும் தூங்காது. பெட்டியும் போயிற்று, பாட்டும் போயிற்று. இனி தேட இடமில்லை. சுற்றும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டு ஓடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மைக்செட்காரனின் பழக்கம். வேறு வேலை இருக்காது. பழைய தட்டில் அவர் பார்த்த ஏணி ஒரு சுற்றுக்கு ஒருமுறை நிதானமாகத் தலைகீழாகும், நிமிரும். அதன் படிகளைக்கூட எண்ணலாம். இங்கே ஏணி நிமிர்வதற்குள் மறுபடி சாய்ந்தது, படிகளை எண்ண முடியவில்லை.

“நிப்பாட்டும்மா” என்றார். “ஏணி இம்புட்டு வேகமாச் சுத்தாது.”

“இது நாப்பத்தஞ்சுல ஓடுற ரெக்கார்டுண்ணே. பெருசா இருந்தாலும் நாப்பத்தஞ்சுதான். அந்தக் காலத்துல நெறய அப்படி வரும்.”

அழகுபாண்டி அவளைப் பார்த்தார். பெரியதாக இருந்தும் நாற்பத்தைந்து. அப்பாவுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, சிம்மக்கல்லில் யாருக்குமே தெரியாது. கிணற்றுக்குரல்காரன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. இத்தனை வருடமாக, கோபித்துக் கத்திய ஒரு பெண்ணைப் பிடித்து மெதுவாக்கி, ஆணாக்கி, அழவைத்துக் கேட்டிருக்கிறார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. முள்ளைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, சுவிட்சை முப்பத்துமூன்றுக்குத் திருப்பினார்.

டிரம் ஒவ்வொரு அடியாக நடந்து வந்தது. ஏணி நிதானமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. குரல் எழுந்தது.

“தப்பான ஸ்பீடுண்ணே இது” என்றாள் ரோகிணி, மெதுவாகத்தான். இப்படிக் கேட்பது அவளுக்குப் பாவம் செய்கிற மாதிரி.

“தப்புதாம்மா” என்றார் அழகுபாண்டி. “அந்தத் தப்புலதான் நானும் அவளும் குடும்பம் நடத்துனோம்.”

சூரியபிரகாஷ் ஃபேனை நிறுத்தினான். முதல் வரி போனது. அழகுபாண்டி கண்ணை மூடினார். மெட்டு ஒரு வளைவு வளைந்து, அவர் எத்தனையோ நாள் நின்று திண்டாடிய இடத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போனது. அதுவரை யார் முன்னாலும் பாடியே அறியாத மனிதர், பொத்தல் குரலில், அதன்கூடவே பாடினார்.

“வாடிப்பட்டி பஸ்ஸு போச்சு, தாமரையே தூங்கு. அடுத்த பஸ்ஸு வாரதுக்குள்ள அம்மா வந்து சேருவேன்.”