இடது கைக்காக ஒரு மனு

அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்றாவது எழுத வேண்டும். விதி இது. தலைமைச் செயலகத்தில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த விதியைப் பிறருக்கு நினைவூட்டுவதில் போயிற்று. அவர்கள் அதை மறப்பதில் காட்டிய ஒழுங்கை வேறு எதிலும் காட்டியதில்லை. ஆனாலும் எனக்கு அந்த விதியின் மேல் ஒரு பிடிப்பு உண்டு. அதனால்தான் இந்த ஆண்டு காணும் பொங்கலுக்கு மறுநாள் நான் கர்த்தரிடம் வைத்த மனுவுக்கும் அது பொருந்தும் என்று எண்ணினேன்.

அன்பான சபையாரே, உங்களில் பலர் எங்களுக்காக ஜெபித்தீர்கள். என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

மனைவி மறைந்த பிறகு நான் இரும்புலியூரில் மகன் ஜோயலோடு இருக்கிறேன். மருமகள் பெனிட்டா ஒரு பள்ளியில் ஆசிரியை. அவர்கள் மகள் ஜெனிக்கு மூன்று வயது. ஜனவரி பதினாறாம் தேதி காலை, கையில் கண்ணாடி டம்ளரோடு ஓடிவந்தவள் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். டம்ளர் உள்ளங்கைக்குள்ளேயே உடைந்தது. இடது கை. இரத்தம் கொட்டியதைவிட எங்களைப் பயமுறுத்தியது வேறொன்று. அழுகை நின்ற பிறகும் மோதிர விரலும் சுண்டு விரலும் நீட்டியபடியே நின்றன. மற்ற விரல்கள் மடங்கின. அவை இரண்டும் மடங்கவில்லை.

ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போனோம். கை அறுவை சிகிச்சை செய்யும் பெண் மருத்துவர் வந்து பார்த்தார். என் மகனைவிட வயது குறைந்தவர். விரலை மடக்கும் தசைநாண்கள் அறுந்துவிட்டன, நாளைக் காலையே தைக்க வேண்டும் என்றார். பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார்.

"பாப்பா ரைட்டா, லெஃப்டா?"

"ரைட்தான் டாக்டர்" என்றாள் பெனிட்டா.

ஜோயல் தரையைப் பார்த்தான். "லெஃப்ட் டாக்டர். நாங்கதான் மாத்திட்டு இருந்தோம்."

அவன் சொன்னது உண்மை. ஜெனி எதை எடுத்தாலும் இடது கையால்தான் எடுப்பாள். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, நம் யார் வீட்டிலும் அதை விடுவதில்லை. சாப்பிட, கொடுக்க, வாங்க, காணிக்கை போட, எல்லாவற்றுக்கும் சோத்துக் கை. பிஸ்கட் கொடுப்பவர்கள்கூட அவள் கையை மாற்றும் வரை பிஸ்கட்டை விடமாட்டார்கள். ஓராண்டாக ஊரே சேர்ந்து நடத்திய பயிற்சி.

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. "இனிமே மாத்தாதீங்க. நான் தைச்சுக் குடுப்பேன், அவ்ளோதான். அப்புறம் அந்தக் கையை அவதான் யூஸ் பண்ணணும். பண்ணலைன்னா உள்ள ஒட்டிக்கும், விரல் வெறைச்சுப் போயிடும்" என்றார்.

மறுநாள் காலை மயக்க மருந்துக்காகப் பால் தரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஜெனி பால் கேட்டு அழுதாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. கதவு மூடியது. பெனிட்டா சுவரைப் பார்த்து நின்றாள். ஜோயல் செல்போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

நான் கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்த வழியில் ஜெபித்தேன். பொருள்: பேத்தியின் இடது கை. பார்வை: உம்முடைய முந்தைய வாக்குகள். கோரிக்கை: இரண்டு விரல்களும் மடங்க வேண்டும். சிரிக்காதீர்கள். பயந்த மனிதன் பழகிய மொழியில்தான் பேசுவான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தசைநாண்களைச் சேர்த்துத் தைத்து, முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த இரண்டே நாளில் ஜெனி அந்தக் கட்டுக்கு ஒரு பயன் கண்டுபிடித்தாள். அப்பாவை அடிக்க. ஜோயல் குனிந்து செருப்பு மாட்டும்போதெல்லாம் முதுகில் ஒரு சாத்து விழும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பல காலைகளில் வீட்டில் சிரிப்பு வந்தது.

சபையிலும் ஜெபித்தார்கள். பெண்கள் ஐக்கியத்திலிருந்து கிரேஸ் அக்கா தலைமையில் ஒரு குழு வீட்டுக்கே வந்தது. அக்கா உருக்கமாக ஜெபித்தார்கள். ஆனால், "ஆண்டவரே, குழந்தையின் வலது கரத்தைத் தொடும்" என்றார்கள். மறுபடியும் "வலது கரம்" என்றார்கள். மனுவில் விவரம் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவன் நான். ஜெபத்தின் நடுவிலேயே, "இடது" என்றேன். அக்கா கண் திறக்காமல், "சுகமாக்கும்" என்று தொடர்ந்தார்கள்.

ஆமென் சொன்ன பிறகு கேட்டேன். கிரேஸ் அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்கள்: "தெரியும்ணா. ஆண்டவர்கிட்ட போய் இடது கைன்னு சொல்ல வாய் வரலை."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. விஷயம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று பிப்ரவரி கடைசியில்தான் புரிந்தது.

அப்போது கட்டைப் பிரித்தார்கள். மருத்துவர் ஜெனியின் முன்கையை மெல்ல அழுத்த, அந்த இரண்டு விரல்களும் சற்றே வளைந்தன. தையல் பிடித்துவிட்டது, இனி விளையாட்டுதான் மருந்து என்றார். சப்பாத்தி மாவு பிசையட்டும், ஸ்பாஞ்சைப் பிழியட்டும், பொம்மையைத் தூக்கட்டும். பெனிட்டா வீட்டுக்கு வந்ததும் ஒரு உருண்டை மாவைத் தட்டில் வைத்து, "அந்தக் கையால பிசை கண்ணு" என்றாள்.

ஜெனி இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அது பீச்சாங்கை. யூஸ் பண்ணக் கூடாது. ஷேம்."

பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் ஜோயலைப் பார்த்தேன். நாங்கள் கொடுத்த பயிற்சி முழு வெற்றி பெற்றிருந்தது.

கெஞ்சினோம். ஐஸ்கிரீம் என்றோம். வலது கைக்கு உறை போட்டுப் பார்த்தோம், பல்லால் கழற்றிவிட்டாள். எதைக் கொடுத்தாலும் வலது கையால், நல்ல பிள்ளையாக, வாங்கினாள். மார்ச் நடுவில் மருத்துவர் பார்த்துவிட்டு முகத்தை மாற்றாமல் சொன்னார்: இப்படியே போனால் உள்ளே தழும்பு ஒட்டிவிடும், மறுபடியும் திறக்க வேண்டிவரலாம்.

என் மனுவுக்கு ஒரு மாதம் எப்போதோ கடந்திருந்தது. நான் நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். தினமும் ஒன்று.

அரசு விதிகளில் விதித் தளர்வு என்று ஓர் ஏற்பாடு உண்டு. விதி அப்படியே இருக்கும், இந்த ஒரு நேர்வுக்கு மட்டும் தளர்த்தப்படும். அன்று மதியச் சாப்பாட்டில் அதை அறிவித்தேன். வீட்டில் எல்லோரும் இனி இடது கையால் சாப்பிடுவது. மருமகள் முதலில் தயங்கினாள், பிறகு கையை நன்றாகக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். இடது கையால் சாம்பார் சாதம் பிசைந்து பாருங்கள். பாதி வாய்க்குப் போகும். மீதி மோவாயில் தங்கும்.

அந்த வேளையில்தான் கீழ்க்கட்டளையிலிருந்து பெனிட்டாவின் அண்ணன் டேவிட் வந்தான். வாசலிலேயே நின்று எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், வூட்ல எல்லாருக்குமே கைல அடியா?"

காரணம் சொன்னோம். அவன் வேறெதுவும் கேட்கவில்லை. இடது கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டான். ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, ஒவ்வொருவரிடமாக வந்து கையில் தட்டி, "மாமா, சோத்துக் கை! தாத்தா, சோத்துக் கை!" என்று திருத்தினாள். என் பணிக்காலத்தில் அவ்வளவு கண்டிப்பான அதிகாரியைப் பார்த்ததில்லை. திட்டம் படுதோல்வி. ஆனால் ஜனவரிக்குப் பிறகு அந்த மேஜையில் அப்படி ஒரு சிரிப்பு அதுதான் முதல்.

மறுநாள் மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இடது கை பாயில் விரிந்து கிடந்தது, தழும்பு சிவப்பாக. அவள் பிறந்த வாரத்தில் அந்த உள்ளங்கையில் என் விரலை வைத்ததும் பற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. இப்போதும் வைத்தேன். பற்றவில்லை. அன்று பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. "ஆண்டவரே, இந்தக் கை" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அழுதேன். நினைவூட்டு அனுப்புவதை அன்றோடு விட்டேன். அவருக்குத் தெரியும் என்று ஒரு நிம்மதி வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கு ஆதாரம் காட்ட என்னால் முடியாது.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஆராதனைக்கு முன் பவனி. உங்களுக்குத் தெரியும், நம் ஆலயத் தெருவிலிருந்து பெரிய சாலையைக் கடந்து சுற்றி வர வேண்டும். ஆளுக்கொரு ஓலை கொடுத்தார்கள். ஜெனி வலது கையால் வாங்கினாள், ஒழுங்காக. பாடிக்கொண்டே நடந்தோம். சாலையைக் கடக்கும் இடத்தில் ஆட்டோ, பஸ், தண்ணீர் லாரி எல்லாம் நெருக்கியடித்தன. பெனிட்டா சட்டென்று மகளின் வலது கையைப் பிடித்தாள். ஜனவரியிலிருந்து நாங்கள் எல்லோருமே அந்தக் கையைத்தான் பிடிப்போம். மற்றதைத் தொடவே பயம்.

ஓலை கீழே விழப் பார்த்தது. ஜெனி அதைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்ல நேரமும் இல்லை. இடது கையை நீட்டி ஓலையைப் பிடித்தாள். ஐந்து விரலும் மூடின. பிறகு, எல்லோரும் ஆட்டுவதைப் பார்த்து, தானும் தலைக்கு மேல் ஓங்கி ஆட்டினாள். "ஓசன்னா!"

பெனிட்டா நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணீர் வழிந்தது. ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"யம்மா, ஓரமா போய் அழுங்கமா. பின்னாடி பஸ்ஸு நிக்குது."

ஓரமாகப் போய் அழுதோம். நான் நம்பவில்லை. இவ்வளவு காலம் கோப்பு பார்த்தவன், சரிபார்க்காமல் எதையும் ஏற்கமாட்டேன். குனிந்து, அவள் இடது கையிலிருந்த ஓலையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சுண்டு விரல் வெளுக்கும்படி அவள் இறுக்கிப் பிடித்தாள்.

"விடு தாத்தா. என்னோடது."

விட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆலயத்துக்குள் வந்ததும் கிரேஸ் அக்காவிடம் சொன்னோம். நன்றி ஜெபத்தில் அவர்கள் எழுந்து நின்று, கூடியிருந்த சபை முழுவதும் கேட்க, "ஜெனியின் இடது கரத்துக்காக ஸ்தோத்திரம்" என்றார்கள். அந்தச் சொல்லில் கொஞ்சமும் தடுமாறவில்லை. நானும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஜெனி இடது கையால் சாப்பிடுகிறாள், படம் வரைகிறாள், அப்பாவை அடிக்கிறாள். மருத்துவர் அடுத்த முறை பார்த்தபோது இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பழைய விதி தளர்த்தப்படவில்லை, நீக்கப்பட்டுவிட்டது. பிஸ்கட் கொடுப்பவர்களே, தயவுசெய்து கவனியுங்கள்.

நானும் மாறித்தான் போனேன். இப்போது ஜெபிக்கும்போது காலக்கெடு சொல்வதில்லை. ஒப்புகைகூட வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். தைத்த அந்த மருத்துவரின் விரல்களும், கேள்வி கேட்காமல் இடது கையால் சோறு பிசைந்த டேவிட்டும் வேறென்னவாம்?

உங்களில் யாருக்காவது பதில் வராமல் ஒரு விண்ணப்பம் கிடந்தால், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளாதீர்கள். அங்கே கோப்புகள் தொலைவதில்லை. தாமதத்துக்குக் காரணம் அவர் எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதில் வந்த தேதியை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்: ஏப்ரல் பதின்மூன்று, குருத்தோலை ஞாயிறு.