பெரியசாமி ஐயாவுக்காக நாங்கள் செய்த ஜெபம்

மெர்சிக்கு உதிரப்போக்கு ஆரம்பித்துவிட்டது என்று எபிநேசர் தம்பி போனில் சொன்னபோது, நான் நாடகத்துக்கு ஆட்டுக்குட்டி வேஷம் தைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. வருகிற சனிக்கிழமை எங்கள் சபையிலிருந்து அவர்கள் ஊருக்கு ஊழியப் பயணம் போவதாக இருந்தது. மெர்சிக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டு பிள்ளைகளும் கையில் கிடைக்காமல் போனவள் அவள்.

"பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டியாந்துட்டு இருக்கோம். ஜெபிச்சுக்குங்கக்கா" என்று சொல்லி எபிநேசர் போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஜெபம் வரவில்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் போய் நீளமாக ஜெபிக்கிறவள்தான் நான். அன்றைக்கு மிஷினை விட்டு எழுந்திருக்கக்கூட முடியவில்லை. "ஆண்டவரே, இந்தப் பிள்ளையையாவது விட்டுவையும்" என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கோபத்தோடுதான் சொன்னேன், மறைக்கவில்லை.

இதைப் படிக்கிற விசுவாசக் குடும்பத்தாருக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெயராணி. குரும்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரம்பலூரில் இருக்கிற எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய வேலைகளையும் நான்தான் பார்க்கிறேன். எபிநேசரும் மெர்சியும் எங்கள் சபை தாங்குகிற ஊழியக் குடும்பம். குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஊர் பெயரை எழுதவில்லை, அவர்கள் அங்கேதான் நாளைக்கும் புழங்க வேண்டும். சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் துணை போவார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்திலேயே ஆராதனை.

வருஷத்துக்கு ஒரு தரம் நாங்கள் வேன் பிடித்து அங்கே போவோம். எங்கள் சபையில் ஊழியப் பயணம் என்றால் முதலில் முடிவாவது சாப்பாடு. சிக்கனா மட்டனா என்று பேசி முடித்த பிறகுதான் யார் தேவசெய்தி கொடுப்பது என்ற பேச்சே வரும். பிறகு பாட்டுப் பயிற்சி, பிள்ளைகளுக்கு நாடகம், பேனர், மைக் செட். எல்லாம் தயாரான பிறகு எபிநேசருக்கு போன் போட்டு, "நாங்க இன்ன தேதிக்கு வர்றோம் தம்பி" என்று சொல்லுவோம். அவரும் "வாங்கக்கா, சந்தோஷம்" என்பார். அது அறுப்புக் காலமா, ஊரில் ஆள் இருக்குமா என்றெல்லாம் நாங்கள் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு எபிநேசர் ஜெபக் குறிப்புகளை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். நான் அதைக் கேட்டு சபையில் சொல்லுவேன். போன வருஷம் முழுக்க அதில் ஒரு பெயர் வந்துகொண்டே இருந்தது. "பக்கத்துக் காட்டுக்காரர் பெரியசாமி ஐயாவையும் ஜெபத்துல நெனச்சுக்குங்க." அவ்வளவுதான் சொல்லுவார். காடு என்று அந்தப் பக்கம் சொல்வது விளைநிலத்தை. எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளி ஆள் ஒருவர் பெயர் வந்து, கூடவே ஒரு வியாதியின் பெயர் வராவிட்டால், அவர் ஊழியத்தை எதிர்க்கிறவர் என்று நாங்களே எடுத்துக்கொள்வோம். பெரியசாமி விஷயத்தில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அங்கே போய் மைக் போட்டபோது, "நிறுத்துங்க" என்று வந்து சொன்னவர் அவர்தான் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் கைதட்டி, கண்ணீர் விட்டு, "பெரியசாமியின் கடின இருதயத்தை உடையும்" என்று ஜெபித்தோம். எங்கள் பெரியம்மா ஒருவர், வேதத்தில் ஜனங்கள் ஆர்ப்பரித்தபோது இடிந்து விழுந்த எரிகோ மதிலோடு அவரைச் சேர்த்துத்தான் ஜெபிப்பார்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கடையைச் சாத்திவிட்டு, பிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் எபிநேசர் சுவரில் சாய்ந்து நின்றார். மெர்சியை உள்ளே வைத்திருந்தார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, உதிரம் நின்றால் பிள்ளையை வயிற்றிலேயே வைத்துக் காப்பாற்றலாம், நிற்காவிட்டால் தாய்க்காகப் பிள்ளையை எடுத்துவிட வேண்டியதுதான், எடை போதாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

எபிநேசர் பக்கத்தில் வயசான ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் செம்மண். சட்டையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"குரும்பலூரு டைலரம்மா நீங்கதானா? மெர்சி புள்ள சொல்லும், ஜாக்கெட்டெல்லாம் நீங்க தச்சதுன்னு."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு எபிநேசரைப் பார்த்தேன்.

"இவங்கதான்க்கா பெரியசாமி ஐயா. இவங்க வண்டியிலதான் வந்தோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எபிநேசர் விவரமாகச் சொன்னார். காலையில் பெரியசாமி ஐயா தன் சின்ன லோடு வண்டியில் வெங்காய மூட்டை ஏற்றி வியாபாரிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டிருக்கிறார். எபிநேசர் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னதும், மூட்டைகளை ரோட்டோரத்திலேயே இறக்கிப் போட்டுவிட்டு, வீட்டிலிருந்து மெத்தையைக் கொண்டுவந்து விரித்து, மெர்சியைப் படுக்க வைத்திருக்கிறார். குண்டு குழியில் குலுங்கக் கூடாதென்று வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரும் தள்ளி உட்கார்ந்தார். அவரே பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, வருசம் பூரா நீங்கள்லாம் எனக்காவப் பிரார்த்தன பண்றதா தம்பி சொல்லுச்சு. என்னான்னு வேண்டிக்கிட்டீங்க?"

அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. எரிகோவைச் சொல்லவும் வாய் வரவில்லை. "உங்க மனசு மாறணும்னு வேண்டிக்கிட்டோங்கய்யா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "மாறித்தான் போச்சு. என் வூட்டுக்காரி போன பெறவு கதவச் சாத்திட்டுக் கெடந்தேன். சோறு எறங்கல. காட்டுக்கும் போவல. இந்த மெர்சி புள்ளதான் தெனம் தட்டுல கொண்டாந்து வச்சுட்டு, நான் திங்கிற வரைக்கும் போவாது. இப்பதான் ரெண்டு வாய் திங்கிறேன், காட்டுக்குப் போறேன்." பிறகு, "அந்த கிறிஸ்மஸுக்கு நீங்க வந்தப்ப அவளுக்குக் காரியம் முடிஞ்சு நாலு நாளுதான். மைக்கக் கொஞ்சம் கொறச்சுக்கச் சொன்னேன். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

நான் எழுந்து எபிநேசரைத் தனியாக அழைத்துப் போய்ச் சண்டை போட்டேன். "இத ஏன் தம்பி ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலயேக்கா. தெரிஞ்சுதான் ஜெபிக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நர்ஸ் எங்களை உள்ளே விட்டபோது மெர்சி கண்ணை மூடிக் கிடந்தாள். நானும் எபிநேசரும் கட்டிலருகே நின்று ஜெபித்தோம். பெரியசாமி ஐயா வாசலிலேயே நின்றார். "எங்க சாமிகிட்ட நான் சொல்லிட்டேன். நீங்க உங்க ஆண்டவருகிட்ட சொல்லுங்க" என்று கைகூப்பினார். காலையில் வராத ஜெபம் அப்போது வந்தது. பெரிய வார்த்தைகள் இல்லை. மெர்சி, எபிநேசர், பிள்ளை என்று ஒவ்வொருவராகச் சொன்னேன். பெரியசாமி ஐயாவையும் சொன்னேன்.

மறுநாள் உதிரம் நின்றது. டாக்டரம்மா பிள்ளையின் இருதயத் துடிப்பை மெர்சிக்குக் கேட்க வைத்தார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். "இப்போதைக்கு நின்னுருக்கு. இனிமே ஒரு குடம் தண்ணிகூட தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அறையிலேயே நான் கர்த்தரைத் துதித்தேன். எனக்கு அழுகை நிற்கவில்லை.

வியாழக்கிழமை பாஸ்டர் ஐயா பயணக் குழுவைக் கூப்பிட்டார். பாதிப் பேர் பயணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றார்கள். வேனுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார் ஒருவர். நான் எழுந்து ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். எரிகோ பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டர் ஐயா அங்கேயே போனை எடுத்து எபிநேசரிடம், "நாங்க வந்தா உங்களுக்கு என்ன செஞ்சா நல்லா இருக்கும்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் நாங்கள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எபிநேசர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பெரியசாமி ஐயா ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் அலைஞ்சதுல, புடுங்கிப் போட்ட வெங்காயம் காட்டுலயே கெடக்குங்க. ஆள் கெடைக்கல. மேகமா வேற இருக்கு. நனஞ்சா அழுகிப் போயிரும்."

சனிக்கிழமை வேன் போனது. பேனரையும் மைக்கையும் சபையிலேயே விட்டுவிட்டோம். பெண்கள் எல்லோரும் காட்டில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்தோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த ஊர் அக்கா ஒருத்தி என் கையைப் பார்த்து, "ஜாக்கெட்டு வெட்டுற மாதிரி அளவு பாத்து வெட்டாதீங்க, பொழுது போயிரும்" என்று கேலி செய்தாள். பாஸ்டர் ஐயாவும் ஆண்களும் மூட்டை சுமந்தார்கள். தாள் அறுக்கிற இடத்துக்கு வந்த பாஸ்டர் ஐயாவுக்குக் கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர். "ஆவியின் அபிஷேகமாங்கய்யா?" என்று யாரோ கேட்க, "வெங்காயம்" என்றார். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் பட்டறையில் ஏற்றிவிட்டோம். காற்றுப் படும்படி மூங்கில் அடித்து உயர்த்தி, மேலே கூரை போட்டு, வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிற இடம் அது. அன்று ராத்திரி தூறல் போட்டதாக மறுநாள் சொன்னார்கள்.

சாயங்காலம் பிள்ளைகளுக்கான நாடகத்தை ஐயாவின் களத்திலேயே நடத்தினோம். இடம் கேட்டது நாங்கள் இல்லை. "புள்ளைங்க எங்க உக்காரும், நம்ம களத்துக்கு வாங்க" என்று அவரே கூப்பிட்டார். மைக் இல்லாததால் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு பிரசவம் வரைக்கும் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் முறை வைத்துக்கொண்டு மெர்சி வீட்டில் தங்கினோம். சமைத்தோம், தண்ணீர் பிடித்தோம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தோம். என் முறை வந்தபோது பெரியசாமி ஐயாவுக்கும் தட்டு போட்டேன். என் குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் ஊற்றச் சொல்வார். பங்குனி முடிகிற சமயத்தில் மெர்சிக்கு ஆபரேஷன் நடந்து பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எபிநேசர் உட்கார்ந்தார். ஆண்டவர் உண்மையுள்ளவர். அந்தச் சத்தத்தைக் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பிள்ளையை ஆண்டவருக்கென்று பிரதிஷ்டை செய்ய எங்கள் சபைக்குக் கொண்டுவந்தார்கள். மெர்சிக்கு இன்னும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. பெரியசாமி ஐயாதான் துவைத்த வேட்டி கட்டி, பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடுவழியாக நடந்து வந்தார். பாஸ்டர் ஐயா அவர் கையிலிருந்து பிள்ளையை வாங்கினார். சபை முழுக்க எழுந்து நின்றது. எழுந்திருக்கும்படி யாரும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் வெள்ளிக்கிழமை மாறிவிட்டது. ஒருவர் பெயர் வந்தால், அவரையோ அவரைத் தெரிந்தவரையோ விசாரித்துவிட்டுத்தான் ஜெபிக்கிறோம். நாங்கள் ஒன்றும் தெரியாமல் கேட்டோம். அந்த மனிதருக்கு எது தேவையோ அதைக் கர்த்தர் கொடுத்தார். இப்படிப்பட்ட ஆண்டவரிடம் நீங்களும் தைரியமாகக் கேட்கலாம். கோபமாக இருந்தாலும் கேளுங்கள், வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள்.

பிரதிஷ்டை முடிந்து சாப்பிடும்போது ஐயாவிடம், "உங்களுக்காக என்ன ஜெபிக்கணுங்கய்யா?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். மெர்சி மடியில் தூங்கிய பிள்ளையைப் பார்த்தார்.

"இது என்னயத் தாத்தான்னு கூப்புடுறதக் கேட்டுட்டுப் போவணும். அது போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்களும் எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.