அஞ்சலையக்காவின் அடுப்பு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் இது நடந்தது பட்டப்பகல் பதினோரு மணிக்கு, என் கையிலேயே நடந்தது.

நான், என்னோடு படித்த ஸ்டீபன், எங்கள் குழுவை நடத்தும் பாஸ்கரண்ணன், மூன்று பேரும் ‘விறகைக் குறைப்போம்’ என்று பேனர் கட்டிய வேனில் கிளம்பினோம். வேன் போகிற வழியெல்லாம் கரும்புகை கக்கும், அது வேறு விஷயம். சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு என்று சூரிய அடுப்பு, சாண கேஸ் பற்றிப் பேசிவிட்டு, கடைசியாக மறுநாள் காலையில் கல்வராயன் மலை ஏறினோம்.

மேலே ஓர் ஊரில் அஞ்சலையக்கா, தனியாள், இரண்டு மாடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் பின்னால் சாண கேஸ் தொட்டி கட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோ பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் நாங்கள்தான். ஆறே மாதத்தில் கேஸ் நின்றுவிட்டது. “தம்பி, அடுப்பு எரிய மாட்டேங்குது, ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க” என்று எனக்குத்தான் போன் பண்ணுவார். அடுத்த வாரம் வரேங்க்கா என்பேன். எத்தனை அடுத்த வாரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்குத்தானே உபதேசம். சொல்லும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நாங்கள் போனபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா சாவி கொண்டுவந்து திறந்துவிட்டார்.

“அது செத்து மூணு மாசமாவுது. தெனம் ஒரு குச்சி கிழிச்சி அடுப்புல வச்சிப் பாத்துக்கினே இருக்கும். எரிஞ்சா அந்தத் தம்பிக்குச் சொல்லணும்னு சொல்லும்.”

அடுப்பைச் சுற்றி எரிந்த தீக்குச்சிகள் குப்பையாகக் கிடந்தன. பின்னால் தொட்டி விரிசல் விட்டுக் காய்ந்து, உள்ளே ஒரு பெருச்சாளி செத்துப் புழுத்திருந்தது. எனக்குக் குமட்டியது. அதைவிடக் குமட்டியது பாஸ்கரண்ணனின் யோசனை.

“ஓடுற தொட்டின்னு ஒண்ணையாச்சும் காட்டணும்டா. இல்லன்னா எவன் நம்புவான்?”

தொட்டியிலிருந்து அடுப்புக்கு வரும் குழாயை வெளியே வெட்டி, நாங்கள் டீ போட வேனில் வைத்திருந்த சின்ன சிலிண்டரில் மாட்டிவிட்டு, சாண கேஸ் எரிகிறது என்று வீடியோ எடுப்பதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நானும் தலையாட்டினேன். குழாயை வெட்டி சிலிண்டரை மாட்ட ஸ்டீபன் வெளியே போனான். கேமராவுக்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்துப் பேச வேண்டியது நான்.

அக்காவின் தீப்பெட்டி அடுப்போரமாகவே இருந்தது, உள்ளே ஒரே ஒரு குச்சி. கிழித்து வைத்தேன், நீலமாகப் பிடித்துக்கொண்டது. “இந்த அக்கா ரெண்டு வருஷமா ஒரு குறையும் இல்லாம இதுலதான் சமைக்கிறாங்க” என்று கூசாமல் சொன்னேன். அப்போது ஸ்டீபன் கையில் சிலிண்டரோடு வாசலில் வந்து நின்றான்.

“இன்னாடா எரியுது? நான் இன்னும் ட்யூபே மாட்டலியே.”

எட்டிப் பார்த்தேன், வெட்டின குழாய் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்புக் குமிழைத் திருகினேன், அணையவில்லை. புழுத்த சாண நாற்றம் வாய்க்குள்ளேயே வந்து இறங்கியதுபோல் இருந்தது, அங்கேயே வாந்தி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அடுப்பு தானாக அணைந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், பர்னர் ஜில்லென்று இருந்தது.

ஸ்டீபன் பேசினதையும் வாந்தியையும் மட்டும் வெட்டிவிட்டு, அந்த வீடியோவை பாஸ்கரண்ணன் இன்றைக்கும் எல்லாக் கூட்டத்திலும் போடுகிறார். நானும் பக்கத்தில் நின்று கைதட்டுகிறேன், தூ.

எங்கள் வீட்டில் தீப்பெட்டி கிடையாது, லைட்டர்தான். நம்பினால் நம்புங்கள், தினம் காலையில் எங்கள் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் எரிந்த தீக்குச்சி ஒன்று கிடக்கிறது. நான் திருட்டு பீடி பிடிக்கிறேன் என்று என் மனைவி திட்டுகிறாள். எடுத்து மோந்து பார்த்தால் அதே சாண நாற்றம். இன்று காலையும் ஒன்று கிடந்தது.