சுருள் நுனியில் ஒரு புள்ளி

ஜப்பானில் பீங்கானுக்குப் பேர்போன அரித்தா ஊரில் மிசாவோவுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: இன்னொருவர் போட்ட கோட்டுக்குள் நீலம் நிரப்புவது. பதினேழு வயதில் தொமிஹிசா சூளைக்கு வந்தாள். அங்கே ஆண்கள் கோடு போடுவார்கள், பெண்கள் நிரப்புவார்கள். யாரும் சட்டம் எழுதி ஒட்டவில்லை, அப்படித்தான். கட்டைவிரல் பருமனுள்ள தூரிகையைச் சாயநீரில் தோய்த்து, தேநீர்க் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, நீரைப் பூவிதழின் கோட்டுக்குள் ஓடவிட வேண்டும். முடிகிற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, மிச்ச நீரைத் தூரிகையாலேயே உறிஞ்சிவிட வேண்டும். கை தயங்கினால் திட்டுத் திட்டாகிவிடும். ஆனால் அது அப்போது தெரியாது. சூளைக்குப் போகும்வரை எல்லாம் ஒரே சாம்பல் கறுப்பு. வெந்து நீலமாக வெளியே வரும்போதுதான் யார் கை எங்கே தடுமாறியது என்பது அம்பலமாகும்.

அவள் நிரப்பியதெல்லாம் அங்கே வேலை பார்த்த தொகுஜி என்பவரின் கோடுகள். மூன்றாம் வருடம் அவரையே கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. பிறகு வேலையை வீட்டுக்கே வாங்கிவந்து செய்தார்கள். கடைக்குப் போகிற சரக்கு என்பதால் எப்போதும் ஒரு பருவம் முந்தித்தான் வரைய வேண்டும். கணப்பில் காலை நீட்டிக்கொண்டு கோடையில் கொடியில் பூக்கும் அசகாவோ பூ. வியர்வை சொட்டாமல் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு பனிக்காலத்துக் கமேலியா. வெளியே இருக்கிற பருவத்தில் வாழ்ந்ததே இல்லை என்று மிசாவோ சிரிப்பாள்.

அறுபத்தோராம் வயதில் தொகுஜியின் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் தோஃபு துண்டு குச்சியிலிருந்து நழுவியது. பிறகு அசகாவோவின் கொடிச்சுருள். இதழைக்கூட ஒட்டுப்போட்டு வரைந்துவிடலாம். சுருளை ஒரே மூச்சில் இழுத்தாக வேண்டும். முதல் சூடு மட்டும் கண்ட கோப்பை, மை பட்டதும் அதைக் குடித்துவிடும். அழிக்க முடியாது.

அவர்கள் இருந்த வரிசை வீடு சூளைக்குச் சொந்தம். கோடு போடுகிறவர் கோடு போடும்வரைதான் வீடு. கண் மங்கிப்போன பக்கத்து வீட்டு மோரிதா, அந்த மாதமே சட்டி பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனதை மிசாவோ கண்ணால் பார்த்தவள். வீடு போனால்கூட எப்படியாவது சமாளிக்கலாம். கை போய்விட்டது என்று தெரிந்தால் இந்த மனிதர் என்ன ஆவார் என்பதுதான் அவள் கவலை.

"நடுங்குது மிசாவோ. ஆனா கோட்டுல வரல, பாத்தியா?" என்பார் தொகுஜி. கண்ணாடி போட்டும் அவருக்கு அது தெரியவில்லை. அல்லது தெரிய விரும்பவில்லை.

"வரலங்க," என்பாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவர் சோப்பும் துண்டுமாகப் பொதுக் குளியலறைக்குக் கிளம்புவார். திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் அவர் கெடுத்த கோப்பைகளை மிசாவோ தட்டுமுட்டு அறைக்குள் ஆப்பிள் பெட்டியில் ஒளித்துவிட்டு, வெற்றுக் கோப்பைகளில் தானே கோடு போடுவாள். முப்பத்தெட்டு வருடம் உள்ளிருந்து பார்த்த கோடு அது. கை தானாகப் போயிற்று. உடைசல் என்று சொல்லி அதிகக் கோப்பை கேட்கும்போது சூளையில் சரக்கு கொடுக்கிறவன் கிண்டலடிப்பான்: "என்னக்கா, வீட்டுல குரங்கு வளக்குறீங்களா?"

"ஒண்ணு இல்லடா, ரெண்டு," என்று அவளும் சிரித்துவிட்டு வருவாள்.

இரண்டு பனிக்காலம் இப்படி ஓடியது.

மார்ச் மாதம் சூளையின் சின்ன முதலாளி தொமிஹிசா, இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய அப்பா காலத்துக்குப் பிறகு சூளை ஆள் யாரும் அந்த வாசல்படி ஏறியதில்லை. உட்கார்ந்ததும் பையிலிருந்து வெந்த கோப்பை ஒன்றை எடுத்துத் தொகுஜியின் முன் வைத்தார்.

"அண்ணே, இத்தன வருசமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? சுருள் நுனில பனித்துளி! ஒசாகா கடைக்காரர் அப்படியே சொக்கிப்போயிட்டார்."

ஒவ்வொரு சுருளும் முடிகிற இடத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஆழ்ந்த நீலப் புள்ளி. வெந்த சரக்கு வீட்டுக்கு வருவதில்லை; மிசாவோ அதை அப்போதுதான் பார்த்தாள். கறுப்பில் தெரியாதது.

தொகுஜி கோப்பையை எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். கோடு போடுகிறவன் தூரிகையை ஓட்டத்திலேயே தூக்கிவிடுவான். நுனி கொசுக்கால் மாதிரி மெலிந்து காணாமல் போகும். நிற்கிற கை, நீரை உறிஞ்ச நிற்கிற கை, நிரப்புகிறவளுடையது.

"சித்திரைச் சந்தையில நம்ம கடை முன்னாடி நீங்க உக்காந்து வரையணும்ணே. ஜனங்க பாக்கணும்."

"ஆகட்டும்," என்றார் தொகுஜி.

முதலாளி போனபிறகு தொகுஜி அந்தக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எத்தன நாளா?"

"முந்தின பனிக்காலத்துலேருந்து."

"நான் போட்டதெல்லாம் எங்க?"

அவள் ஆப்பிள் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்தாள். அவர் கோப்பைகளைப் பாயில் வரிசையாக அடுக்கினார். அறை நிறைந்து நடைக்கும் வந்தது. நூற்றுக்கணக்கான சுருள்கள், எல்லாம் புழுவாய் நெளிந்துகொண்டு. நடுவில் கால்வைக்க இடமில்லாமல் அவர் நின்றார்.

"காய்ச்சல்னு சொல்லிடலாங்க. சந்தைக்குப் போக வேணாம்."

"போவேன்," என்றார். "எனக்கே தெரியாம என்னைய வாழ வச்சிருக்க. கை போச்சுன்னு தெரிஞ்சேதான் இப்ப போகணும்."

சந்தையில் தெருவுக்கு இருபுறமும் கோப்பையும் தட்டும் கூட்டமும். தொகுஜி இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மிசாவோ மை அரைத்தாள். பூ எப்படியோ வந்துவிட்டது. சுருளுக்கு மூச்சை இழுத்தார். தூரிகை கோப்பையைத் தொட்டதும் கை வெடவெடவென்று உதறியது.

"தாத்தா, கொடிக்கு ஜன்னி கண்டுடுச்சா?" என்றான் முன்வரிசையில் சாராயம் குடித்துச் சிவந்த ஒருவன். கூட்டம் சிரித்தது. தொகுஜி அடுத்த கோப்பையை எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுத்தபோது மிசாவோவால் தாங்க முடியவில்லை. அவர் விரல்களிலிருந்து தூரிகையை உருவி, ஒரே மூச்சில் சுருளை இழுத்து, நுனியில் ஒரு கணம் நிறுத்தித் தூரிகையை எடுத்தாள்.

கூட்டம் கை தட்டியது. அவரைக் காப்பாற்றத்தான் செய்தாள். தட்டிய கைகளின் சத்தத்தில் திரும்பிப் பார்த்தபோது அவர் இருக்கை காலியாக இருந்தது.

கோடு போடும் இடம் மிசாவோவுக்கு வந்தது. வீடும் தங்கியது. தொகுஜி இன்னும் நான்கு வருடம் இருந்தார். பொதுக் குளியலறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவள் வரையும்போது முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். ஆப்பிள் பெட்டிகளை மட்டும் எடுத்துப்போக விடவில்லை.

அந்தப் புள்ளியை விட்டுவிட அவள் எவ்வளவோ பழகினாள். ஓட்டத்திலேயே தூரிகையைத் தூக்கினாள். அவர் கோடு போல மெலிந்து மறைகிற நுனி ஒருநாள் வந்தும்விட்டது. நூறு கோப்பை அப்படிக் கொண்டுபோனாள். வெந்து வந்ததைச் சின்ன முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துளி எங்கக்கா? துளிக்குத்தான வாங்குறாங்க."

வீட்டுக்கு வந்து கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவர்ப்பக்கம் அந்த முதுகு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கோடைப் பூவின் சுருளை இழுத்தாள். நுனி வந்ததும் கையை ஒரு கணம் நிறுத்தினாள்.